வலப்பக்கம் துடிக்கும் இதயம்

கயலு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அம்மா பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் எழுதுகிறாள். நீ புதுச்சேரியில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் லீவு தரமாட்டார்கள் என்றாய். போனில் என்றால் "சாப்பிட்டியா, அங்க மழை இருக்குதா" என்பதைத் தாண்டி எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி உறையில் போட்டு உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை மூடி வைத்ததால்தான் நான் ஒருமுறை உன்னைத் தொலைக்கப் பார்த்தேன். இதையும் மூடி வைக்க மனம் வரவில்லை. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுப்பா, எம் பேரையும் போடு" என்று சிரித்தாய். உனக்கே தெரியாத சங்கதிகள் சில இதில் இருக்கின்றன. படித்த பிறகும் அந்தச் சிரிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உனக்கு அப்போது ஏழு வயது. பத்து நாளாகச் சளியும் காய்ச்சலும் விடவில்லை. அம்மா சிட்கோ தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை யூனிட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் கடைவீதிப் பக்கம் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் எடுத்தவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாத்தி வச்சிட்டன் போல இருக்குது சார், இன்னொரு தபா எடுத்துடறேன்" என்றார். இரண்டாவது படமும் அப்படியேதான் வந்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை உன் இடப்பக்கம் வைத்துக் கேட்டார். பிறகு வலப்பக்கம் வைத்துக் கேட்டார். வயிற்றையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க ஜுவாலஜி வாத்தியாருதானே, சொன்னா புரியும். பாப்பாவுக்கு இதயம் வலப்பக்கம் இருக்குது. கல்லீரல் எடப்பக்கம். கண்ணாடில பாக்குற மாதிரி உள்ள எல்லாமே எடம் மாறி இருக்குது. ஒரு கெடுதலும் இல்ல, நல்லா ஓடுவா, நல்லா படிப்பா. ஒண்ணே ஒண்ணுதான். எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல இத சொல்லிடுங்க. பாப்பாவுக்கும் வெவரம் தெரியற வயசுல முழுசா சொல்லிக் குடுத்துடுங்க."

சரிங்க என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த ஃபிலிமைப் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அம்மா வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவள் பயந்து அழுதாள். பிறகு, "டாக்டரு நல்லா இருக்கான்னுதானே சொன்னாங்க, அப்புறம் இன்னாங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் அவள் வாயை அடைத்தேன். "பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போவ வேண்டியவ. யாருகிட்டயும் மூச்சு வுடாத." வருஷா வருஷம் கரும்பலகையில் இதயத்தை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தவன் நான். உடம்பைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வகுப்பில் அடித்துப் பேசுகிறவனும் நான்தான்.

நாலாம் வகுப்பில் ஒருநாள் நீ அழுதுகொண்டே வந்தாயே, நினைவிருக்கிறதா? பள்ளியில் எல்லாரையும் நெஞ்சில் கைவைத்து இதயம் துடிப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ வலப்பக்கம் வைத்திருக்கிறாய். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "எனக்கு இங்கதானப்பா துடிக்குது?" என்று என் கையை இழுத்து உன் நெஞ்சில் வைத்தாய். குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். "உனக்குக் கொஞ்சம் தள்ளி இருக்குது, அவ்ளோதான். இனிமே எல்லாரும் வைக்கிற பக்கமே நீயும் வை" என்றேன். நீ சரிப்பா என்றாய். அன்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது பொய். நீ அப்பா சொன்னதென்று அப்படியே நம்பினாய்.

சிதம்பரத்தில் விடுதியில் சேர்ந்து ஆங்கிலம் படிக்கப் போனபோதும் நான் சொல்லவில்லை. விடுதிப் படிவத்தில் உடல்நலக் குறிப்பு என்று இருந்த கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதயம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். குடல்வால்கூட இடப்பக்கம் இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டாம் வருஷம் அடிவயிற்றில் இடப்பக்கம் வலி என்று நீ ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாய். அங்கே இருந்தவர் சிறுநீர்க் கல்லாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடல்வால் வலி வலப்பக்கம் வரும் என்றுதான் எல்லாரும் படிக்கிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நீ விடுதியில் மயங்கி விழுந்தாய், உன் தோழி என்னைக் கூப்பிட்டாள். அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, பள்ளியிலிருந்து அப்படியே ஓடி வந்து சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். கூட்டமான கூட்டம். பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். என்னிடம் படித்த பையனின் அப்பா ஒருவர் எனக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் போன வாரம்தான் சொன்னேன்.

பஸ் கம்மாபுரத்தைத் தொடும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஓர் இளம் டாக்டர். "உங்க பொண்ணுக்கு வயிறு கல்லு மாதிரி இருக்குதுங்க. ஸ்கேனுக்கு அனுப்பறோம். அவளால பேச முடியல. அவளுக்கு முன்னாடி ஏதாவது பிரச்சினை உண்டா? பொறந்ததுலேந்து ஏதாவது?" என்று கேட்டார். பஸ் இரைச்சலில் நான் கத்தித்தான் பேச வேண்டும். சுற்றிலும் ஊர்க்காரர்கள். பக்கத்தில் நின்றவர் என்னாச்சு சார் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒண்ணும் இல்லைங்க. நீ உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது உன் அப்பன் சொன்ன வார்த்தை அதுதான்.

கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நிலக்கரிச் சுரங்க மண்மேடு போயிற்று, நெல்வயல் வந்தது, வெள்ளாற்றுப் பாலம் வந்தது. பாலத்தின் மேல் பஸ் நின்று நின்று நகர்ந்தபோது, மேசையில் உன்னைக் கிடத்தி வலப்பக்கம் கீறுகிறார்கள் என்று ஒரு காட்சி என் கண்முன் வந்தது. போனை எடுத்து அதே எண்ணுக்கு அடித்தேன். அவர் எடுத்ததும் கத்தினேன்: "சார், பொய் சொல்லிட்டேன் சார். எம் பொண்ணுக்கு உள்ள எல்லாமே எடம் மாறி இருக்குதுங்க. இதயம் வலப்பக்கம். குடல்வாலு எடப்பக்கம் சார், எடப்பக்கம்!" பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த டாக்டர், "ஸ்கேன்ல கல்லீரல் தப்பான பக்கம் தெரியுதேன்னு இப்பதான் குழம்பிக்கினு இருந்தோம். சொன்னீங்களே, இது போதும்" என்று வைத்துவிட்டார்.

நான் அழுதுவிட்டேன். எது நடக்கும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேனோ, அது நடக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, எங்கயும் நிக்காம போங்க, வாத்தியாரு பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது" என்று குரல் கொடுத்தார். வழியில் இறங்க வேண்டியவர்களில் சிலர் சிதம்பரம் வரைக்கும் வந்தே இறங்கினார்கள். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, "எந்தப் பக்கம் இருந்தா இன்னாங்க, துடிக்குதுல்ல? நல்லா வந்துடும் புள்ள" என்று சொன்னார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

குடல்வால் வெடித்திருந்தது. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். டாக்டர்கள் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு நீ முதலில் என்னிடம் பேசியபோது, "எனக்கு ஏம்ப்பா எல்லாம் மாறிப் போச்சி?" என்று கேட்டாய். அறுவை செய்த டாக்டரைக் கேட்டேன். "அது பெரிய கதை சார். ஒரு செல்லுக்கு எது முன்னாடி, எது பின்னாடிங்கறதுல ஆரம்பிக்குது. நீங்களே படிச்சிப் பாருங்களேன்" என்றார். அதிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக நான் ஓட்டிக்கொண்டு போன விஷயம் அது. உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்திருந்த அந்த மாதம் முழுக்க, நான் சாயங்காலம் வந்து ஒப்பித்ததையெல்லாம் நீயும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது மறுபடி சொல்கிறேன். நாளைக்கு நீ ஒரு குழந்தைக்குச் சொல்ல வேண்டி வரலாம்.

செல் என்றதும் நான் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவேன். அந்த வட்டமே தப்பு. வட்டத்துக்குத் தலை கால் கிடையாது, செல்லுக்கு உண்டு. இதைத்தான் துருவத்தன்மை என்கிறார்கள். உன் குடலின் உட்சுவரில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மேல்பக்கம் வேறு, அடிப்பக்கம் வேறு. மேல்பக்கம் சின்னச் சின்ன விரல்களை நீட்டி, தின்ற சோற்றின் சத்தை உறிஞ்சுகிறது. அடிப்பக்கம் அதை இரத்தத்துக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் உள்ளே வந்த சத்து வந்த வழியே திரும்பிப் போய்விடும். நரம்பு செல்லுக்குச் சேதி வாங்குகிற முனை ஒன்று, அனுப்புகிற முனை ஒன்று. வெடித்த குடல்வாலிலிருந்து பரவிய கிருமிகளைத் துரத்திப்போன வெள்ளை அணுக்களுக்கும் முகம், முதுகு என்று இருந்தது. எது முன்பக்கம் என்று தெரியாத செல்லால் எதையும் துரத்த முடியாது. புற்றுநோயில் பல செல்கள் இழந்துவிடுவது இந்தத் தலை கால் உணர்வைத்தான். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பெருகுகின்றன.

இது மனிதனோடு வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவில் ஒரு வகை, ஒரு முனையில் சின்னக் காம்பு வைத்து ஒட்டிக்கொள்கிறது. மறுமுனையிலிருந்து பிறக்கும் குட்டிக்கு வாலைக் கொடுத்து நீந்த விடுகிறது. ஒரே ஒரு செல்தான், அதற்குள்ளேயே தங்கும் முனை, கிளம்பும் முனை என்று இரண்டு. ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்ட்டும் எந்தப் பக்கம் மொட்டு விடுவது என்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக் கொடுக்கும் புரதத்துக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று, உன் செல்லிலும் என் செல்லிலும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. மண்ணில் நெளியும் ஒரு புழுவின் முட்டையில் தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று பிரிக்கும் புரதங்களின் உறவுகள் ஈயிலும் இருக்கின்றன, நம்மிலும் இருக்கின்றன. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் கிடைத்த ஏற்பாட்டை உயிர் தூக்கிப் போடவேயில்லை. கைமாற்றிக் கைமாற்றி, கொஞ்சம் திருத்தி, புது வேலைக்கு வைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ வந்திருப்பது அம்மாவுக்கே இன்னும் தெரியாத நாட்கள் அவை. கருவுக்குத் தலை எது, கால் எது, முதுகு எது என்று தீர்மானமாகிவிட்டது. இடது எது, வலது எது என்பது மட்டும் பாக்கி. கருவின் நடுக்கோட்டில் ஒரு சின்னக் குழி உண்டாகிறது. அதன் தரையில் இருக்கும் ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு நுண்முடி. நாம் குற்றிழை என்று படிக்கிறோமே, அதுதான். அந்த முடி செல்லின் நட்டநடுவில் நிமிர்ந்து நிற்பதில்லை. செல்லுக்கு முன்பின் தெரிவதால், பின்பக்கமாகத் தள்ளிச் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்தபடி சுழல்வதால் குழியில் இருக்கும் நீர் ஒரு பக்கமாகவே ஓடுகிறது, இடப்பக்கமாக. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான், இதுதான் இடது, இதயமே இந்தப் பக்கம் சாய்ந்துகொள் என்று உடம்பு முடிவு செய்கிறது. அந்த நீரோட்டத்திலோ, அது கொண்டுவரும் சேதியிலோ ஏதாவது மாறினால் உடம்பு மறுபக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடலாம். உன் மூச்சுக்குழாயில் இருக்கும் இதே மாதிரி நுண்முடிகளையெல்லாம் சோதித்துப் பார்த்து நன்றாகவே வேலை செய்கின்றன என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு உனக்கு மட்டும் ஏன் மாறியது? இன்றுவரை தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, உன் காலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க யூனிட்டுல கிளி பொம்மை ஜோடி ஜோடியா அச்சுல ஊத்தறோம். ஒண்ணு இந்தப் பக்கம் திரும்பியிருக்கும், ஒண்ணு அந்தப் பக்கம். இதுல எது குறை பொம்மைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைங்க." நீ வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலிக்குது, சிரிக்க வைக்காதம்மா என்று அழுதுகொண்டே சிரித்தாய்.

இத்தனைக்கும் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். திட்டக்குடியிலிருந்து அருளின் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சட்டையை மாட்டினேன். காபி வந்தது, ஊர்க்கதை பேசினோம், மழை பேசினோம். அந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவேயில்லை. கடைசியில் நீதான், "அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாய். அருளின் அம்மா, "கொழந்தைக்கும் இப்படி வருமா?" என்று கேட்டார். "வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை. வந்தாலும் வரலாம். வந்தா என்னை மாதிரி இருக்கும்" என்றாய். அவர்கள் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

ஒரு வாரம் சேதி இல்லை. அப்போதுதான் நான் அம்மாவிடம், "கல்யாணம் ஆன பொறவு சொல்லியிருக்கலாம்" என்றேன். லீவுக்கு வந்திருந்த நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய். உள்ளே வந்து, "அந்த டாக்டருக்கு நீ போன் பண்ணாம வுட்டிருந்தா கல்யாணப் பேச்சே வந்திருக்காதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றே புதுச்சேரிக்கு பஸ் ஏறினாய். நான் உடனே போன் செய்தேன் என்று நீ இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பொய்யை உன் புடவை நகையோடு சேர்த்து உன்னிடம் கொடுத்தனுப்ப முடியாது, கயலு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ கோபப்படலாம். பட வேண்டும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் காத்திருக்கிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அதன் உடம்பிலோ மனசிலோ ஊரில் இல்லாத ஒன்று இருந்தால், பாசத்தின் பேரால் அதை மறைக்காதே. நான் உன்மேல் வைத்த பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் உன்னைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்த கதை உனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் நடந்தது தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அருள் கேட்டுக்கொண்டார். ஆனால் மறைத்து வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே போனேன். அருள் தனியாக வந்திருந்தார். டிராக்டர் சர்வீசுக்குப் போகிறபோது போட்டுக்கொள்ளும் அந்த நீலச் சட்டை, முழங்கை வரைக்கும் தூசி. வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா ஊர்ல எங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்தாங்க, அவங்களுக்கு இப்ப மனசு நெறஞ்சிருக்குது. நாளைக்குப் பேசுவாங்க. நான் வேற ஒண்ணு கேக்க வந்தன் மாமா. நாளைக்கு கயலுக்கு திடீர்னு ஏதாவது ஒண்ணுன்னா, பக்கத்துல நான்தான் இருப்பேன். டாக்டர்கிட்ட மொதல்ல நான் என்ன சொல்லணும்? சரியா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அவர் முதல்முறையாக என்னை மாமா என்று கூப்பிட்டதைக்கூட அப்போது கவனிக்கவில்லை. சொன்னேன். இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். மண்ணீரல் வலப்பக்கம். குடல்வால் எடுத்தாயிற்று. ஈ.சி.ஜி. எடுத்தால் கம்பிகளை இடம் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். கர்ப்பமானால் முதல் ஸ்கேனிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் போனில் ஒரு விரலால் மெதுவாக அடித்துக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, "மண்ணீரலுக்கு எந்த ண, எந்த ல மாமா?" என்று கேட்டார். சொன்னேன். முடித்ததும், ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள் என்று போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அப்பா